ஈம், டோல்பட்டில், ஸ்வேல்டேல்: நாவலுக்காகத் தனியாகப் போனால் எந்த ஊர்?

ஒரு கிராமம் கூடி ஒரு முடிவு எடுக்கிறது, அதற்கான விலையையும் அந்தக் கிராமமே கொடுக்கிறது. நாலு வருஷமாக என்னோடு இருக்கும் நாவலின் கதை இவ்வளவுதான். அதை இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் வைக்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம், அப்படி முடிவெடுத்த ஊர்கள் சில அங்கே அதே தெரு, அதே தேவாலயம், அதே கல்வேலியோடு இன்னும் நிற்கின்றன. அவற்றின் காகிதங்களும் பக்கத்து ஊர் ஆவணக் காப்பகத்தில் அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

என் பட்டியலில் மூன்று ஊர்கள் இருந்தன. முதல் பயணத்தில் பதினோரு நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அதில் மூன்று முழு நாட்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவதிலேயே போய்விட்டன. இரண்டாவது தடவை ஒரே இடத்தில் பன்னிரண்டு நாள் தங்கினேன், எழுதவும் முடிந்தது. அதனால் கார் ஓட்டாமல், துணைக்கு யாரும் இல்லாமல் போகிற எழுத்தாளர் இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கிலாந்து கிராமம் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது காட்ஸ்வோல்ட்ஸ்தான். தேன் நிறக் கல் வீடுகள், ஓடை, பாலம், எல்லாம் அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் போன ஊர்களில் பகல் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம், அறை வாடகையும் அதிகம். ஊர்க்காரர் ஒருவரோடு பத்து நிமிஷம் நின்று பேசுவதே பெரும்பாடு. அதை அப்போதே விட்டுவிட்டேன்.

நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம். காலையில் படித்த காகிதம் எந்த இடத்தைச் சொல்கிறதோ, அந்த இடத்தில் சாயங்காலம் போய் நிற்க முடியுமா? நாவலாசிரியருக்கு இது கிடைத்தால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம். மண் மட்டும் கிடைத்துக் காகிதம் இல்லையென்றால் கற்பனை கட்டுப்பாடில்லாமல் போகும், காகிதம் மட்டும் இருந்தால் அதை வீட்டில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஈம். டார்பிஷரில், பீக் மாவட்டத்து மலைச்சரிவில் இருக்கிறது. Eyam என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் நம் வாயில் ‘ஈயம்’ என்றுதான் வரும், ஊர்க்காரர்கள் ‘ஈம்’ என்கிறார்கள். சுற்றுவட்டாரம் முழுக்கப் பழைய ஈயச் சுரங்கங்கள் இருந்த பூமி என்பதால் எனக்கு அந்தத் தப்பான உச்சரிப்பின் மேல் ஒரு பிரியம் உண்டு.

1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து இங்கே ஒரு தையல்காரர் வீட்டுக்குத் துணி வந்தது, கூடவே கொள்ளைநோயும் வந்தது என்பார்கள். அந்த வீட்டில் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் முதலில் செத்தார். குளிரில் கொஞ்சம் அடங்கிய நோய் அடுத்த வருஷக் கோடையில் மறுபடி கிளம்பியபோது, பாதிரியார் வில்லியம் மாம்பசனும், அவருக்கு முன்பு அங்கே போதகராக இருந்து பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து ஊரைச் சம்மதிக்க வைத்தார்கள்: யாரும் எல்லையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. பதினாலு மாதத்தில் 260 பேர் செத்தார்கள் என்பது ஊர்க் கணக்கு. மாம்பசனின் மனைவி கேத்தரினும் அதில் ஒருவர். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டு நாளுக்குள் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். ஊருக்கு வெளியே வயலுக்கு நடுவில், வட்டமாகக் கல்சுவர் எழுப்பி அந்த இடத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதை நடந்த இடங்களில் பெரும்பாலானவற்றை அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம். தேவாலயத்திலிருந்து எல்லைக் கல்லுக்கு வயல்வழியாகப் பாதை போகிறது. வெளியூர்க்காரர்கள் சாமான்களை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள், ஊர்க்காரர்கள் வினிகர் ஊற்றிய குழியில் காசு போடுவார்கள், காசோடு நோய் போகாது என்ற நம்பிக்கை. கல்லில் ஆறு குழிகள். நான் போனது மழை விட்ட ஒரு காலை, குழிகளில் தண்ணீர் நின்றது, ஒன்றில் யாரோ போட்டுவிட்டுப் போன செப்புக்காசு. ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தேன். முதல் கணு நனைவதற்குள் அடி தட்டியது. உள்பக்கம் வழவழவென்று, வீட்டு உரலின் குழி மாதிரி இருந்தது. இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது. ஊரடங்கு என்றால் எவ்வளவு சின்ன வட்டம் என்பது அந்தக் கல்லுக்கும் ஊருக்கும் நடுவில் இரண்டு தடவை நடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஈம் ஊரின் குறை காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது என்று பார்த்தால் மாம்பசனின் சில கடிதங்கள், அடக்கப் பதிவேடு, இன்னும் சில துண்டுகள். தியாகக் கதையின் பெரும்பகுதி பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சேர்ந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊரில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே பழைய கணக்குக்கும் புதிய கணக்குக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது, அது மாறினால் 260 என்ற எண்ணுக்கான அர்த்தமே மாறிவிடும். அப்புறம் பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்து. பழக்கம் இல்லாதவர் ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். தேதியும் ஏமாற்றும்: 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புது வருஷம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. அதனால் அந்தக் காலத்துக் காகிதத்தில் ‘1665 ஜனவரி’ என்று இருந்தால் அது நம் கணக்கில் 1666. இது தெரியாமல் என் குறிப்பேட்டில் இரண்டு சாவுகளை ஒரு வருஷம் முன்னால் தள்ளி எழுதி, அதன்மேல் ஒரு அத்தியாயமே கட்டிவிட்டேன், பிறகு எல்லாவற்றையும் பிரித்தேன்.

போக்குவரத்து பரவாயில்லை. ஷெஃபீல்டிலிருந்து பஸ் இருக்கிறது. மான்செஸ்டர்–ஷெஃபீல்ட் ரயிலில் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கி மேட்டில் நடந்தும் போகலாம். மாவட்ட ஆவணக் காப்பகம் மேட்லாக்கில், பேக்வெல் வழியாகப் போய்வர அரை நாள் ஓடிவிடும். ஊர் அருங்காட்சியகம் சின்னது, நன்றாக இருக்கும், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கொள்ளைநோய் ஞாயிறு, திறந்தவெளியில் நினைவு ஆராதனை நடக்கும். அந்த நாளைக் குறிவைத்துப் போவதானால் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும்.

அடுத்தது டோல்பட்டில், தெற்கே டார்செட்டில். இங்கே எடுத்த முடிவு கூலிக்கானது. பண்ணைக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங்கிலிருந்து 8, பிறகு 7 என்று இறங்கி, 6 ஆகப் போகிறது என்று பேச்சு வந்தபோது, ஜார்ஜ் லவ்லெஸ் என்ற பண்ணையாளும் கூட்டாளிகளும் சங்கம் சேர்ந்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றம் இல்லை. அதனால் ரகசியமாகச் சத்தியப்பிரமாணம் எடுத்தார்கள் என்று, கடற்படைக் கலகத்தை அடக்க 1797-இல் போட்ட ஒரு சட்டத்தை எடுத்து அவர்கள் மேல் பாய்ச்சினார்கள். 1834 பிப்ரவரி 24 விடியற்காலையில் ஆறு பேரைக் கைது செய்து மாவட்டத் தலைநகரான டார்செஸ்டர் வரை ஏழு மைல் நடத்தியே கூட்டிப் போனார்கள். மார்ச்சில் தீர்ப்பு: ஏழு வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தல். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி 1836-இல் மன்னிப்பு வந்தது. திரும்பி வந்த பிறகு ஐந்து பேர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் ஊரில் தங்கி 1891-இல் டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் செத்தார், கல்லறை ஊர் தேவாலயத்தில் இருக்கிறது.

எழுத்தாளருக்கு இங்கே கிடைப்பது மற்ற இரண்டு ஊரிலும் கிடைக்காது. டார்செஸ்டரில் அறை எடுத்தால் ஆவணக் காப்பகம் நடக்கும் தூரம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொன்ன நீதிமன்ற அறையும் நடக்கும் தூரம். 2018-இல் அதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள், கீழே சிறை அறைகள், மேலே குற்றவாளிக் கூண்டு. கூண்டில் ஏறி நின்று பார்த்தேன். நீதிபதியின் இருக்கை நான் நினைத்ததைவிட எவ்வளவோ கிட்டத்தில் இருந்தது. குரலை உயர்த்தாமலேயே பேசலாம், எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பது தெரியும். என் நாவலில் நீதிமன்றக் காட்சியைப் பெரிய கூடத்தில் எதிரொலிக்கும் குரலோடு எழுதி வைத்திருந்தேன், அன்று ராத்திரியே அடித்துவிட்டேன்.

1830-களின் கையெழுத்து பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஒரு நாளில் கண் பழகிவிடும். நான் அதிக நேரம் செலவழித்தது பக்கத்து ஊர் ஒன்றின் ஏழைநிதிக் கணக்குப் புத்தகத்தில். யார் வீட்டுக்கு ரொட்டிக்கு எவ்வளவு, எந்தப் பையனுக்குச் செருப்பு, எந்தக் கிழவிக்கு விறகு, எல்லாம் ஷில்லிங், பென்ஸ் கணக்கில் வரிவரியாக இருந்தது. கைதானவர்களின் குடும்பங்களுக்கு இந்த உதவியைத்தான் மறுத்தார்கள். அந்த வரிகளைப் படித்த பிறகுதான் மறுக்கப்பட்டது என்ன என்று எனக்கு உடம்பில் உறைத்தது. ஆறு ஆண்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் எழுத வேண்டியவர்கள் அந்தக் குளிர்காலத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த பெண்கள் என்று அந்த மேசையில்தான் முடிவு செய்தேன்.

இந்த ஊருக்கும் குறை உண்டு. டோல்பட்டிலுக்குப் பஸ் வசதி குறைவு, டார்செஸ்டரிலிருந்து அந்த ஏழு மைலை ஒரு நாள் நடந்தே தீர வேண்டும் என்று நடந்தேன். பெரிய சாலை பக்கத்திலேயே போவதால் வழியில் பல இடங்களில் கார் சத்தம் விடாமல் கேட்கும், பழைய காலத்தின் அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஜூலையில் தொழிற்சங்கத் திருவிழா நடக்கும் வார இறுதியில் சுற்றுவட்டாரத்தில் அறையே கிடைக்காது. அப்புறம், சங்கங்கள் இந்தக் கதையை இத்தனை வருஷமாக அன்போடு சொல்லிச் சொல்லி மெருகேற்றிவிட்டன, நாயகர்கள் தயாராக நிற்கிறார்கள். அந்த மெருகைத் தாண்டி உள்ளே போகப் பொறுமை வேண்டும்.

மூன்றாவது ஸ்வேல்டேல், யார்க்ஷரின் வடக்கில் ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. இங்கே முடிவு, ஊரை விட்டுக் கிளம்புவது. 1880-களில் ஸ்பெயின் போன்ற நாடுகளிலிருந்து மலிவாக ஈயம் வந்து குவிந்ததும் சுரங்கங்கள் படுத்தன, குடும்பம் குடும்பமாக டரம் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் லங்காஷர் பஞ்சாலைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். கன்னர்சைட் ஓடையோரம் மேலே நடந்தால் மலையே கிழிந்து கிடப்பதைப் பார்க்கலாம். அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்கள் சரிவின் உச்சியில் தண்ணீரைத் தேக்கி ஒரே மூச்சில் திறந்துவிடுவார்கள், மேல்மண் அடித்துக்கொண்டு போய் ஈயக்கொடி வெளியே தெரியும். அந்த வெட்டுக்காயத்தில் இன்றைக்கும் புல் சரியாக முளைக்கவில்லை.

இன்னொரு பாதையும் இருக்கிறது, பிணப்பாதை. 1580-இல் மியூக்கர் கிராமத்தில் தேவாலயம் வருவதற்கு முன்பு மேல்பள்ளத்தாக்கில் செத்தவர்களைப் பிரம்புக் கூடையில் வைத்துத் தோளில் சுமந்து, கீழே கிரின்டன் தேவாலயம் வரை புதைக்கக் கொண்டு போனார்கள், மேல்கோடிக் கிராமமான கெல்டிலிருந்து சுமார் 16 மைல். ஐவ்லெட் பாலத்தருகே கூடையை இறக்கி வைத்த கல் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அதன்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். நான் கெல்டிலிருந்து அதுவரைதான் நடந்திருந்தேன், முதுகில் ஒரு சின்னப் பை மட்டும்.

மூன்றில் மனசு அதிகம் ஒட்டியது இந்த ஊரில்தான். ஆனால் முதல் பயணமாகத் தனியாகப் போகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் ரிச்மண்டில் இப்போது ரயில் கிடையாது, டார்லிங்டனில் இறங்கிப் பஸ், ரிச்மண்டில் மாறி மறுபடி பஸ், மேலே போகப் போகப் பஸ்ஸின் எண்ணிக்கை குறையும். கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டால் நடை அல்லது டாக்ஸி. போன் சிக்னல் பல இடங்களில் இல்லை. மாவட்டக் காகிதங்கள் நார்தாலர்டனில், பள்ளத்தாக்குக்குள் ரீத் கிராமத்தில் தங்கியிருந்தால் போய்வர ஒரு நாளே முடிந்துவிடும். காலையில் படித்த இடத்தில் சாயங்காலம் நிற்பது இங்கே நடக்காது. ரீத்தில் சின்ன அருங்காட்சியகம் ஒன்று உண்டு, சுரங்கத்து வாழ்க்கை, கையால் பின்னிய காலுறைகள் பற்றியெல்லாம் தெரிந்துகொள்ள அதுவே நல்ல தொடக்கம்.

எந்த ஊரானாலும் பொருந்தும் சில விஷயங்கள். ஆவணக் காப்பகங்கள் எல்லா நாளும் திறக்காது, சிலவற்றில் வாரத்துக்கு மூன்று, நாலு நாள்தான். பெயருக்கும் முகவரிக்கும் அத்தாட்சி கேட்பார்கள், நம் ஊர் முகவரி உள்ள அட்டை செல்லுமா என்று முன்பே கடிதம் போட்டுக் கேட்டுவிடுங்கள். பெட்டிகளையும் முன்பே சொல்லி எடுத்து வைக்கச் சொல்லலாம். உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும். பையை வெளியே வைத்துப் பூட்ட வேண்டும். போனில் படம் எடுக்கச் சில இடங்களில் கட்டணம் உண்டு, அதைக் கொடுத்து எடுத்துவிடுங்கள், ராத்திரி அறையில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம்.

தங்குமிடத்தில் தனி ஆளுக்கு நஷ்டம்தான். காலை உணவோடு தரும் வீட்டு விடுதிகளில் இரண்டு பேர் அறைக்கு என்ன வாடகையோ கிட்டத்தட்ட அதையேதான் ஒருவரும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் காலைச் சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரர் சொல்லும் ஊர்க்கதை ஹாஸ்டலில் கிடைக்காது. நான் முதல் நாலு நாள் வீட்டு விடுதி, மீதி நாள் சமையலறை உள்ள சின்ன அறை என்று பிரித்துக்கொள்வேன். சாப்பாட்டு நேரத்தில் கவனமாக இருங்கள், கிராமத்துப் பப்களில் ராத்திரி எட்டரை, ஒன்பதுக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். நான் தங்கிய ஒரு பப்பில் திங்கட்கிழமை சமையலே கிடையாது என்பதை அறைக்குப் பணம் வாங்கியபோது யாரும் சொல்லவில்லை. மழையில் ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன், ஊரில் கடையும் இல்லை. பையில் இருந்த ரொட்டியில் பருப்புப்பொடியைத் தூவி, அறையில் போட்ட டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அதற்குப் பிறகு ஒரு வேளைச் சாப்பாடு எப்போதும் பையில் இருக்கும்.

பஸ் கட்டணத்துக்கு இங்கிலாந்தில் இப்போது உச்சவரம்பு இருக்கிறது, 2025 தொடக்கத்திலிருந்து பெரும்பாலான பஸ்களில் ஒருவழிக்கு 3 பவுண்டுக்கு மேல் இல்லை. அதனால் பஸ்ஸை நம்பினால் பணம் மிச்சம், நேரம் செலவு. ஞாயிற்றுக்கிழமை பஸ் மிகக் குறைவு, அன்றைக்கு நடையை வைத்துக்கொள்ளுங்கள். 1:25,000 அளவு வரைபடத்தைக் காகிதமாகவே வாங்குங்கள், பச்சைக் கோடிட்ட பாதைகளில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், தனியார் வயலானாலும் சரி. கன்றோடு மாடுகள் நிற்கும் வயலைச் சுற்றிக்கொண்டு போங்கள். தனியாக நடக்கும் நாளில் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று விடுதியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். பெண்ணாகத் தனியாக நடந்த அந்த நாட்களில் எனக்கு மனிதர்களால் பயம் வந்ததில்லை, மூடுபனியால் ஒரு தடவை வந்தது.

பருவம் என்றால் மே அல்லது செப்டம்பர். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், காப்பகம் மூடி வெளியே வரும்போது பார்க்க ஒன்றும் இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை, கூட்டமும் வாடகையும் ஏறும்.

சரி, எந்த ஊர்? முதல் தடவை போகிறவர், கையில் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் டார்செஸ்டரில் அறை எடுங்கள், டோல்பட்டில் உங்கள் கதையாக இல்லாவிட்டாலும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிராமத்தின் எந்த நாவலுக்கும் வேண்டிய கூலி, ரொட்டி, செருப்பு, வழக்கு எல்லாம் அந்த ஒரு ஊரில் நடந்தே எடுக்கலாம். லண்டன் வாட்டர்லூவிலிருந்து நேர் ரயில், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான்கைந்து நாள்தான் இருக்கிறது, காகிதத்தைவிட இடத்தின் மணம்தான் வேண்டும் என்றால் ஈம். ஸ்வேல்டேலை இரண்டாவது பயணத்துக்கோ மூன்றாவதுக்கோ வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் வரைபடம் படிக்கவும் மழையில் நடக்கவும் பழகியிருப்பீர்கள்.

எனக்கு அடுத்தது ஸ்வேல்டேல்தான். மியூக்கர் புல்வெளிகள் ஜூனில் பூக்கும், ஜூலைப் பாதிக்கு மேல் வைக்கோலுக்கு அறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் மட்டும் மே, செப்டம்பரை விட்டுவிட்டு ஜூன் முதல் வாரம் என்று வைத்திருக்கிறேன். நார்தாலர்டனில் இரண்டு நாள் முதலில் முடித்துவிட்டு, படங்களைப் போனில் ஏற்றிக்கொண்டு மேலே போவதாகத் திட்டம். எந்தப் பெட்டிகள் வேண்டும் என்று காப்பகத்துக்கு நேற்றுத்தான் எழுதினேன்.